பருத்தி அறைச் சேலை

மகள் செல்லத்தாய்க்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பில் பருத்தி வந்தது. பறந்து வந்து ஒட்டிய பஞ்சுத்தூசி இல்லை. விதையோடு முழுசாக ஒரு சுளை. அடிமயிரோடு சிக்கிக் கிடந்தது.

"எங்கேட்டி கொண்டுபோய்த் தலைய விட்ட?" என்றாள் வெள்ளத்தாய்.

"நான் எங்க போனேன்? குளிச்சிட்டு நேரே ஒங்ககிட்டதான் வாரேன்."

ஈரக் கூந்தலுக்குள் இருந்த சுளை நனைந்திருக்க வேண்டும். அது உலர்ந்திருந்தது. யாரோ நெடுநேரம் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்ததுபோல வெதுவெதுப்பாகவும் இருந்தது. வெள்ளத்தாய் அதை முற்றத்தில் எறிந்துவிட்டுப் பின்னலை இறுக்கிப் போட்டு, நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டினாள்.

"வலிக்கும்மா."

"வைகாசிக்குப் பொறவு ஒன் மாமியா பின்னிவிடுவா. அப்பத் தெரியும் இந்தக் கையோட அருமை."

"அவிய தலையிலேயே முடி எம்புட்டு இருக்குன்னு பாத்தேன். எனக்கு எங்க பின்னிவிடப் போறாவ?"

வெள்ளத்தாய் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மகளின் தோளில் ஓர் அடி வைத்தாள். அந்தப் பின்னல்தான் அவள் போட்ட கடைசிப் பின்னல்.

ராஜபாளையத்தில் அவர்களுடையது பருத்திக் கமிஷன் வியாபாரக் குடும்பம். வீட்டின் பின்கட்டில் ஜன்னல் இல்லாத ஒரு பெரிய அறை. கரிசல்காட்டு விதைப்பருத்தியைக் கொண்டுவந்து அதில்தான் குவிப்பார்கள். அதன் சாவி எப்போதும் வீட்டின் மூத்த பெண்ணின் இடுப்பில் இருக்கும். ஒவ்வொரு பங்குனியிலும் புதுப் பருத்தி வந்து இறங்கிய பிறகு ஒருநாள் அந்த அறைக்குள் ஆண்கள் யாரும் போகக்கூடாது. அன்று மூத்த பெண் ஒரு புதுச் சேலையை ஓலைப்பெட்டியில் வைத்துப் பருத்தியின் மேல் வைப்பாள். கதவைச் சாத்திக்கொண்டு முத்தாத்தாளின் கதையைச் சொல்லுவாள்; கேட்கிற வயசில் கன்னிப்பெண் வீட்டில் இருந்தால் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள். விவரம் தெரிந்த பிறகு, கல்யாணத்துக்குள் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அதற்குமுன் சொல்லவும் கூடாது, அதற்குமேல் தள்ளவும் கூடாது.

கதை சின்னதுதான். முத்தாத்தாள் இந்த வீட்டில் பிறந்த கன்னி. அப்பன் அவள் பேரில் எழுதிவைத்த சுந்தரபாண்டியத்துக் கரிசல்காட்டை அண்ணன்மார் பால்ச்சாமியும் முத்துவீரனும் கேட்டார்கள். அவள் கைநாட்டு வைக்க மறுத்தாள். ஒருநாள் மத்தியானம் இருவரும் அவளை இந்த அறையில் பருத்திக்குள் தள்ளி, மேலே பருத்தியைச் சரித்து, பொதிச் சாக்கில் அடைக்க மிதிப்பதுபோல மிதித்தார்கள். சத்தம் அடங்கும்வரை மிதித்தார்கள். பெயர்களை விழுங்காமல் சொல்ல வேண்டும். மிதித்ததை மிதித்தது என்றே சொல்ல வேண்டும். வெள்ளத்தாய் மருமகளாக வந்த வருஷம் அவளுடைய மாமியார் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "நாம சொல்லாத வருசம் அவளே சொல்லிக்கிடுவா."

இந்த எண்பத்தேழாம் வருஷப் பங்குனியில், சீப்பில் பருத்தி வந்ததற்கு முந்தின நாள்தான் அந்த நாள். செல்லத்தாய் கேட்க வேண்டிய வருஷம் அது. பெட்டியில் மாம்பழக் கலர் சேலையை வைத்துவிட்டு வெள்ளத்தாய் வாயைத் திறக்கப்போன நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் புருஷன் கண்ணுச்சாமி உள்ளே வந்தான். பால்ச்சாமியின் பேரன். கையில் மதுரையில் வாங்கிய புது டேப்ரிக்கார்டர்.

"இன்னைக்கு ஆம்பளைய வரக்கூடாதுங்க."

"சும்மா கெட. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துச் சம்பந்தி குருசாமி என்ன கேட்டாரு தெரியுமா? ஒங்க வீட்டுல ஒரு கன்னி செத்தாளாமே, எப்பிடி செத்தான்னு கேக்காரு. ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா இப்பிடித்தான். குடும்பச் சரித்திரத்த ஒழுங்காப் பதிஞ்சு வச்சிருவோம். நாளைக்குப் பேரன் பேத்தி கேக்கணும்லா?"

அவனே சொன்னான். தாத்தா பால்ச்சாமி வெறுங்கையோடு வியாபாரம் தொடங்கியதைச் சொன்னான். தங்கை முத்தாத்தாள்மேல் அவருக்கு உயிர் என்றான். அவள் அறையில் குவித்த பருத்தி அம்பாரத்தில் ஏறி விளையாடும்போது கால் வழுக்கி விழுந்து பருத்திக்குள் மூச்சுமுட்டிப் போனதாகவும், தாத்தா இரண்டு கையாலும் பருத்தியை அள்ளி அள்ளிப் போட்டும் காப்பாற்ற முடியாமல் அழுததாகவும் சொன்னான். அவனுக்கு நிஜம் தெரியும். சிறுவனாக இருக்கும்போது இதே கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். செல்லத்தாய் கண்கலங்கி, "பாவம்ப்பா தாத்தா" என்றாள். பருத்தி அம்பாரம் லேசாகச் சரிந்தது. சாதாரணமாகச் சரிவதுதான்.

அதனால்தான் காலையில் கண்ட அந்தச் சுளை வெள்ளத்தாயை விடவில்லை. மத்தியானம் சோறு வடிக்கும்போது கஞ்சியின்மேல் வெள்ளையாக ஒன்று மிதந்தது, கரண்டியால் ஒதுக்கினாள். தண்ணீர்ப் பானைக்குள்ளும் அதுவே கிடந்தது. வீடெங்கும் புதுப் பருத்தியின் எண்ணெய் வாடை. அடைத்துவைத்த அறையில் பருத்தி வெயிலுக்குச் சூடேறும்போது எழும் வாடை. அது பின்கட்டிலிருந்து வரவில்லை. முன்னறையிலிருந்து வந்தது.

அங்கே பால்ச்சாமியின் மாலை போட்ட படத்துக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணுச்சாமி தன் பேச்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் குரலுக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. கல்லிலோ மண்ணிலோ எழுகிற சத்தமில்லை. மெத்தென்ற எதன்மேலோ கனமாக விழுகிற சத்தம். பொத். சற்று இடைவெளி. பொத்.

"அது என்னதுங்க?"

"எது?"

கரண்ட் போயிற்று. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. டேப்பில் அவன் குரல் இழுத்து, கனத்து, நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் மணி; பிறகு மத்தியான நிசப்தம்.

பொத். பொத்.

வெள்ளத்தாய் குனிந்து பார்த்தாள். அவன் குதிகால்கள் ஒன்று மாற்றி ஒன்று எழும்பித் தரையில் விழுந்துகொண்டிருந்தன. சிமெண்டுத் தரையில் விழுந்த அவை பருத்தியில் விழுவதுபோல ஒலித்தன.

"கால ஆட்டாதீய."

"நான் எங்கட்டி ஆட்டுதேன்?" அவன் நிஜமாகவே எரிச்சலோடு கேட்டான்.

அவள் பின்பக்கம் ஓடினாள். முற்றத்து வெயிலில் செல்லத்தாய் வேட்டித் துணியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். பின்னல் முதுகில் கிடந்தது. பார்த்ததும் வெள்ளத்தாய்க்கு உயிர் வந்தது. இப்போதே சொல்லிவிட்டால் போதும். நாள் தப்பினாலும் கதை தப்பவில்லை.

"ஏட்டி, இங்க பாரு. ஒங்கப்பா நேத்து சொன்னது பொய்யி. முத்தாத்தா வழுக்கி விழல. அவள..."

"அம்மா, பாலு!"

அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்கிற நாற்றம். வெள்ளத்தாய் ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள். கை சுட்டது. புடவைத் தலைப்பால் விரலைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். செத்த நேரம்தான்.

வடகம் பாதி பிழிந்து கிடந்தது. பிழிகிற உழக்கு கவிழ்ந்து கிடந்தது. செல்லத்தாய் இல்லை.

"செல்லம்?"

கொல்லைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. குளியலறையில் ஆளில்லை. முன்னறை நாற்காலி காலியாக இருந்தது. டேப்ரிக்கார்டர் மட்டும் அதன்மேல் இருந்தது.

பொத்.

பருத்தி அறைச் சுவருக்குள்ளிருந்து வந்தது.

பொத். பொத். பொத்.

கதவில் பூட்டு தொங்கியது. இழுத்தாள். பூட்டியிருந்தது. இடுப்பைத் தடவினாள். சாவி அங்கேயே இருந்தது. சூடாக இருந்தது. பூட்டில் விட்டுத் திருகினாள். திறக்கவில்லை. மறுபடியும் திருகினாள். உள்ளே வேகம் கூடியது. கதவில் தலையை முட்டிக் கத்தினாள். "மிதிச்சாங்கட்டி! அவள மிதிச்சுக் கொன்னாங்க! பால்ச்சாமியும் முத்துவீரனும்! சொல்லிட்டேன்! நான் சொல்லிட்டேன்!"

சத்தம் நின்றது.

பூட்டு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. ஓலைப்பெட்டி திறந்து கிடந்தது. அதில் சேலை இல்லை. நேற்று வரை நெஞ்சுயரம் பொலபொலவென்று குவிந்திருந்த பருத்தி இப்போது இடுப்புக்குக் கீழே இறங்கி, களத்துத் தரைபோல மட்டமாக இறுகியிருந்தது. அதன்மேல் ஏறினாள். கால் புதையவில்லை. நடு அறையில் சிவப்பாக ஏதோ முளைத்திருந்தது.

ரிப்பன்.

அவளால் பிடுங்க முடியவில்லை. பக்கத்துக் குடோனில் பொதி மிதிக்கும் சோலைச்சாமியும் ஆட்களும் ஓடிவந்து கடப்பாரை போட்டுத்தான் தோண்ட முடிந்தது. செல்லத்தாயின் உடம்பில் மாம்பழக் கலர்ச் சேலை சுற்றியிருந்தது. வாய் நிறையப் பருத்தி. சோலைச்சாமி கடப்பாரையைப் போட்டுவிட்டு, "தாயி, இது தானா விழுந்து அமுங்குன பருத்தி இல்ல. ஆளு மிதிச்சது. இப்பிடி மிதிக்க எனக்கே அரை நாளு ஆகும்" என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

வெள்ளத்தாய் முன்னறைக்குப் போனாள். கண்ணுச்சாமி நாற்காலியில் இருந்தான். எங்கும் போகவில்லை என்றான். கண்ணசந்துவிட்டேன் என்றான். அவன் முழங்கால் வரைக்கும் பஞ்சு அப்பியிருந்தது. விரலிடுக்குகளில் நசுங்கிய பருத்தி விதை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த சம்பந்தியிடமும், விசாரிக்க வந்தவர்களிடமும், ஊராரிடமும் அவன் ஒன்றையே சொன்னான். "கால் வழுக்கிப் பருத்திக்குள்ள விழுந்துட்டா. ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிப் போட்டேன்." எல்லோரும் தலையாட்டினார்கள். வெள்ளத்தாய் அழவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் அவள் டேப்ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு பருத்தி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் குரலின்மேல் தன் குரலைப் பதிந்தாள். முத்தாத்தாளைச் சொன்னாள், மிதித்தவர்களைச் சொன்னாள். செல்லத்தாயைச் சொன்னாள். மிதித்தது அவளைப் பெற்ற தகப்பன் கண்ணுச்சாமி, பால்ச்சாமி பேரன் என்றாள். அதைக் கடையில் கொடுத்துப் பிரதி எடுத்தாள். சுந்தரபாண்டியத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிருஷ்ணன்கோவிலிலும் அந்த வம்சத்தில் பெண்பிள்ளை இருக்கிற வீடு ஒன்றுவிடாமல் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புச் சேனை வைக்கப் போகும்போதுகூட மடியில் ஒரு கேசட் இருக்கும்.

கண்ணுச்சாமியைக் கண்டால் பிள்ளைகள் ஓடினார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள் விசேஷத்துக்குக் கூப்பிடவில்லை.

"ஏட்டி, ஒன் காலப் பிடிக்கேன். எம்பேர மட்டும் அழிச்சிரு" என்று அவன் ஒருநாள் கெஞ்சினான். கெஞ்சும்போதும் குதிகால்கள் எழும்பி விழுந்துகொண்டிருந்தன. அந்த மத்தியானத்துக்குப் பிறகு அவை ஓயவே இல்லை. உட்கார்ந்தாலும், தூங்கினாலும், மருத்துவர் ஊசி போட்டுப் படுக்கவைத்தாலும். தோல் உரிந்து, புண்ணாகி, காய்ப்பேறி, மறுபடி உரிந்தது.

"பேரன் பேத்தி கேக்கணும்லா" என்றாள் வெள்ளத்தாய்.

வியாபாரம் போய்விட்டது. பருத்தி அறையைக் காலிசெய்து, கழுவி, சிமெண்டு பூசியாகிவிட்டது. இப்போது தொண்ணூற்று ஆறாம் வருஷம். பங்குனி வந்தால் வெள்ளத்தாய் ஓலைப்பெட்டியில் இரண்டு சேலை வைக்கிறாள். வம்சத்துப் பெண்பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்காருகிறார்கள். கண்ணுச்சாமியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நடு அறையில் நாற்காலி போட்டு உட்காரவைக்கிறாள். கதை சொல்லி முடித்ததும் யாரும் பேசக்கூடாது. கேட்க வேண்டும்.

அவன் கால் விழுகிறது. பொத்.

சிமெண்டுக்கு அடியிலிருந்து, ரிப்பன் முளைத்திருந்த அதே இடத்தில், கையால் தட்டுவதுபோல ஒரு தட்டல் பதில் வருகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அவன் வாய் திறந்து கத்துகிறான். கால் மறுபடி எழும்புகிறது.

பெண்பிள்ளைகள் வெளியேறியபின் வெள்ளத்தாய் கதவைச் சாத்துகிறாள். அது அதே பழைய கதவு, அதே பூட்டு. செல்லத்தாய் செத்த அன்று அதை யாரும் உடைத்திருக்கவில்லை. சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. பூட்டிய அறைக்குள் அவன் கால்கள் எப்படிப் போயின என்பதை மட்டும் அவள் எந்தக் கேசட்டிலும் சொன்னதில்லை.