எட்டுத் தட்டு மேசை

"இன்னைக்காவது எதையும் உடைக்காம இரு!" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் புருஷன் குளிக்கவே போனான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் ஆறு வருஷமாக அதே இடத்தில் குத்துகிற ஊசி, சிரித்துக் குத்தினால் என்ன, சிரிக்காமல் குத்தினால் என்ன? அவள் கையிலிருந்த துணியை உதறி மேசைமேல் விரித்தாள்.

அந்த வீட்டில் அவளுக்குப் பேர் 'உடைசல்'. நாத்தனார் வைத்த பேர். புருஷன் வாயில் அது ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, "உங்க வீட்டு உடைசல் இருக்காங்களா?" என்று கேட்கும் அளவுக்குப் பேர் பரவிவிட்டது. மாமியார் மட்டும் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை.

அந்த மாமியார் கண்மூடி இன்றோடு மூன்று மாதம். சேதி கேட்டு ஓடிவந்த நாத்தனார், அழுத கண் காயுமுன் ரயிலேறிவிட்டாள். தூரத்து ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்போது லீவு இல்லை. இப்போது ஐந்து நாள் லீவில் வருகிறாள். போகும்போது அம்மாவின் தட்டுகளை எடுத்துப் போவாள். 'எட்டுத் தட்டும் பொண்ணுக்குத்தான்' என்று மாமியார் எப்போதோ சொல்லிவிட்டாள்.

மேசையில் விரித்தது பழைய சாமான் கடையில் கிடந்த ஜன்னல் திரை. நடுவில் சூடுபட்ட ஓட்டை ஒன்று. அதன்மேல் மாமியாரின் தேநீர்க் கெட்டிலை வைத்தாள். மூக்கு உடைந்த கெட்டில், இனி தேநீருக்கு ஆகாது. வேலியோரம் பறித்த மஞ்சள் பூக்களை அதில் செருகினாள். காலி மருந்துக் குப்பிகள் நான்கில் ஒவ்வொரு இலை. ஒன்றுக்கொன்று ஒட்டாத எட்டுக் கரண்டிகளை வரிசையாக அடுக்கினாள். ஜன்னல் வழியாக வந்த காலை வெயில் குப்பிகளுக்குள் புகுந்து, மேசையெங்கும் பச்சையாக நடுங்கியது. தண்ணீருக்கு அடியில் யாரோ விருந்து வைத்ததுபோல் இருந்தது.

கடைசியில் தட்டுகள்.

மாமனார் பீங்கான் ஆலையில் சூளை வாசலில் முப்பது வருஷம் வெந்தவர். வேலையை விட்டு வந்த நாளில் ஆலையில் கொடுத்தது அந்த எட்டுத் தட்டு. வெள்ளைத் தட்டு, விளிம்பில் ஒற்றை நீலக் கோடு. 'கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும்' என்று அவர் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதனால் மாமியார் எந்தத் தட்டையும் நகத்தால் ஒரு முறை சுண்டிப் பார்க்காமல் மேசையில் வைக்கமாட்டாள்.

கண் பார்வை போன பிறகும் மேசையில் தட்டு வைக்கும் வேலையை அவள் விடவில்லை. "அடுப்ப எடுத்துக்க, துணிமணிய எடுத்துக்க, வீட்டையே எடுத்துக்கம்மா... இந்த மேசை மட்டும் என் கையில இருக்கட்டும். இதுவும் போச்சுன்னா நான் மூலையில வச்ச மூட்டைதான்" என்று ஒரு நாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் முதல் தட்டு போனது. மேசை முடியும் இடம் தெரியாமல், விளிம்பில் பாதி வெளியே நிற்க வைத்துவிட்டு மாமியார் அடுத்த தட்டுக்குத் திரும்பினாள். சிலீர் என்ற சத்தம். மாமியாரின் முகம் வெளுத்த வெளுப்பு... அதைப் பார்த்த நொடியில் மருமகளின் வாய் தானாகச் சொன்னது:

"ஐயோ அத்தை, நான்தான்! என் கை பட்டு டம்ளர் விழுந்துடுச்சு!"

மறுநாளே பழைய சாமான் கடைக்கு ஓடினாள். நீலக் கோடு போட்ட தட்டு எங்கே கிடைக்கும்? பார்க்காத கண்ணுக்கு நிறம் எதற்கு? கனம் சரியாக இருக்க வேண்டும், விளிம்பு விரலுக்குப் பழகியதாக இருக்க வேண்டும், சுண்டினால் அதே 'கிண்' கேட்க வேண்டும். ஒவ்வொரு தட்டாக எடுத்துக் காதோரம் வைத்துச் சுண்டினாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, தட்டு வாங்க வந்தியா, வைத்தியம் பாக்க வந்தியா?"

ஆறு வருஷத்தில் ஏழு தட்டு. ஏழு முறை 'என் கை பட்டு'. புருஷனுக்கு ஒன்றும் தெரியாது. பெயிண்டர். ஊரார் சுவருக்கெல்லாம் நிறம் பார்த்துக் கொடுக்கிறவன், தான் சாப்பிடுகிற தட்டின் நிறத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. நாத்தனார் எப்போதாவது வந்தாலும், விருந்தாளிக்கென்று வாழையிலையில்தான் பரிமாறினாள் இவள்.

இன்று அவற்றை மேசையில் வைத்தாள். ரோஜாப்பூ போட்டது, பச்சைக் கொடி போட்டது, தங்க விளிம்பு தேய்ந்தது... மிஞ்சிய ஒரே நீலக் கோட்டுத் தட்டை மாமியார் உட்காரும் இடத்தில் வைத்தாள். ஒரு கணம், சுருக்கம் விழுந்த விரல்கள் காற்றில் நீந்தி வந்து அந்த விளிம்பைத் தடவுவதுபோல் தோன்றியது.

வாசலில் ஆட்டோ நின்றது.

நாத்தனார் பெட்டியோடு உள்ளே வந்தாள். பெட்டி நிறைய, தட்டுகளைச் சுற்றி எடுத்துப்போகப் பழைய துண்டுகள். மேசையைப் பார்த்தவள் நின்றாள்.

"அழகா இருக்கே அண்ணி... ஆமா, எங்கம்மா தட்டெல்லாம் எங்க?"

"வாம்மா... முதல்ல உக்காரு, தண்ணி குடி."

"தண்ணி இருக்கட்டும். தட்டு எங்கன்னு கேட்டேன்."

தலை துவட்டிக்கொண்டே வந்த புருஷன் அப்போதுதான் மேசையை உற்றுப் பார்த்தான். "அட, ஆமா... இதென்ன, ஒண்ணு ஒரு தினுசா இருக்கு?"

"ஒண்ணுதான் மிச்சம்" என்றாள் அவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"மீதி ஏழு?"

"உடைஞ்சு போச்சு."

"ஏழுமா?!" நாத்தனார் சிரித்தாள். கோபத்தில் வருகிற சிரிப்பு. "எங்கப்பா நெருப்புல நின்னு சம்பாதிச்சதும்மா அது! உடைசல்னு விளையாட்டுக்குத்தான் பேர் வச்சேன். கண்ணு தெரியாத மனுஷிக்கு எங்க தெரியப்போகுதுன்னு, குப்பையைக் கொண்டாந்து அவங்க கையில கொடுத்து ஏமாத்தியிருக்கியே... உனக்கு எப்படி அண்ணி மனசு வந்துச்சு?"

"வாயத் திறந்து ஏதாவது சொல்லேன்!" என்று புருஷன் அதட்டினான்.

ஏமாற்றியது உண்மைதானே! சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் இந்த நிமிஷமே பாரம் இறங்கிவிடும். ஆனால் அந்த வார்த்தை போய் விழுவது செத்துப்போன ஒரு மனுஷியின் கைமேல். அந்தக் கையை ஆறு வருஷம் காப்பாற்றியாயிற்று, இன்றைக்கா காட்டிக்கொடுப்பது?

"என் கையால போச்சுன்னே வச்சுக்கம்மா" என்றாள். நீலக் கோட்டுத் தட்டை எடுத்து, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். "இது உங்கம்மாது. எடுத்துக்கோ. மத்ததுல சாப்பிட உனக்குப் பிடிக்கலைன்னா, நான் எல்லாத்தையும் எடுத்து உள்ள வச்சுடறேன்..."

நாத்தனார் வெடுக்கென்று வாங்கினாள். துண்டில் சுற்றப் போனவளின் விரல், அந்த வீட்டில் பிறந்த விரலாயிற்றே... தன்னை அறியாமல் தட்டைச் சுண்டியது.

கிண்...

சத்தம் அடங்கும்வரை அவள் அசையவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, குனிந்து ரோஜாப்பூத் தட்டைச் சுண்டினாள். கிட்டத்தட்ட அதே சத்தம்; ஒரு மயிரிழை தாழ்ந்து. பச்சைக் கொடியைச் சுண்டினாள். ஒரு மயிரிழை உயர்ந்து. ஒவ்வொன்றாக மேசையைச் சுற்றி வந்தாள். வெயிலில் பச்சை நிழல் அசைந்துகொண்டிருந்தது. எட்டாவது சத்தமும் காற்றில் கரைந்தபோது அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அண்ணா... அம்மா போன்ல சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"'முன்னெல்லாம் நம்ம தட்டு எட்டும் ஒரே குரல்ல பேசும்டி. இப்ப எட்டும் எட்டுக் குரல். கேட்கக் கேட்க நல்லா இருக்குடி... யாரோ எனக்காகத் தெருத்தெருவா அலைஞ்சு கூட்டியாந்த குரல் மாதிரி இருக்கு'ன்னாங்க. நான்... நான் மாத்திரை மயக்கம்னு நெனச்சேன் அண்ணா! டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரையைக் குறைக்கச் சொன்னேன்!" அவள் குரல் உடைந்தது. "'உங்க அண்ணிய அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதடி, உடைச்ச கை அவ கையில்ல'ன்னாங்க. அதையும் மயக்கம்னுதான் நெனச்சேன்..."

மருமகள் அத்தை உட்காரும் இடத்தைப் பார்த்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

அத்தைக்குத் தெரியுமா! ஒவ்வொரு தடவையும் தெரிந்துதானா, "பரவாயில்லம்மா, டம்ளர்தானே, போனா போகட்டும்" என்று தலையை வருடினாள்? தான் அத்தையைக் காப்பாற்றுவதாக நினைத்திருக்க, அத்தையல்லவா தன் பொய்யைக் கீழே விழாமல் பிடித்து வைத்திருந்திருக்கிறாள்!

"அம்மாவோட கைதானே அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

அவள் அப்போதும் வாய் திறக்கவில்லை. கண்தான் நிறைந்து வழிந்தது. அதற்குமேல் சாட்சி எதற்கு? நாத்தனார் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "என்னை நாலு அறை அறைஞ்சுடு அண்ணி... எத்தனை நாள், எத்தனை பேர் முன்னால அந்தப் பேரைச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்!"

"சும்மா இரும்மா... பயணத்துல வந்த புள்ள..." என்று அவள் முதுகைத் தடவினாள்.

புருஷன் சுவரைப் பார்த்து நின்றான். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா?" முதல் முறையாக அவள் அவனை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கே பிளாஸ்டிக் தட்டு வாங்கியாந்து, 'போதும்மா, நீ போய் உக்காரு'ன்னு சொல்லியிருப்பீங்க. அத்தை உக்காந்திருப்பாங்க... அப்புறம் எந்திரிச்சிருக்க மாட்டாங்க."

அவன் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேசையருகே வந்தான்.

"இது இங்கயே இருக்கட்டும் அண்ணி" என்று நாத்தனார் நீலக் கோட்டுத் தட்டைப் பழைய இடத்திலேயே வைத்தாள். "ஒத்தையா எங்கூட வந்தா இது யார்கூடப் பேசும்?"

"இன்னைக்கு நான் பரிமாறறேன். நீங்க ரெண்டு பேரும் உக்காருங்க" என்றான் புருஷன். கண்ணைத் துடைத்த கையோடு தட்டுகளை நகர்த்தினான். சட்டி சட்டியாகப் பெயிண்ட் தூக்கிய கை, பீங்கான் அறியாத கை... பச்சைக் கொடித் தட்டு வழுக்கியது.

சிலீர்!

"ஐயோ, நான்தான்! என் கை பட்டு டம்ளர்..." என்று அவள் வாய் கத்தியே விட்டது. கத்திவிட்டுத் திகைத்தாள். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து விழுந்த தட்டு நாலு முழத் தூரம்!

நாத்தனார் சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"இல்ல. உடைச்சது நான்."

ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் அந்தச் சொல்லை வேறொருவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் முறை.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். கந்தல் துணிக் கூடையின் அடியில் கையை விட்டாள். மாமியார் படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் வாங்கி ஒளித்து வைத்த தட்டு அங்கேயே இருந்தது. தேவைப்படாமலே போன தட்டு. கொண்டுவந்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு சுண்டினாள். மூன்று பேரும் அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

"விரிசல் இல்ல அண்ணி" என்றாள். "வைங்க."