மூச்சு முட்டிய தாங்கி

உடுப்பிட்டியில் ஹரோல்டின் காரைத் தெரியாதவர்கள் இல்லை. எஞ்சின் ஒரு பழைய காரினுடையது, கதவுகள் இன்னொரு காரினுடையவை. இருக்கை உடைந்த பஸ் ஒன்றிலிருந்து கழற்றியது. பின்பக்கம் முழுவதும் பலகை. கூழ் காய்ச்சுவதுபோலக் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுச் செய்ததால், ஒழுங்கைப் பிள்ளைகள் அதற்குக் 'கூழ்க்கார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஹரோல்டுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே கோபம் வரும். அவருடைய இளைய மகள் ஸ்ரெல்லாவுக்கோ அது மிகவும் பிடிக்கும். அவளுக்குப் பத்து வயது.

போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் கார் ஓடும். அந்த மண்ணெண்ணெயும் இலேசில் கிடைப்பதில்லை.

ஹரோல்ட் தகரம் வெட்டி, ஈயம் வைத்து ஒட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கப் புதுத் தாங்கி ஒன்று செய்தார். அதைப் பின் இருக்கைக்குப் பின்னால் பொருத்தினார். மூடிக்குள் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி வைத்தார். அதுவும் போதாதென்று மூடியைச் சுற்றிச் சவர்க்காரம் பூசினார்.

"ஒரு சொட்டும் வெளியிலை போகாது. மணங்கூடப் போகாது!" என்றார் பெருமையாக.

இந்த அவசரமெல்லாம் பொன்மலருக்காகத்தான். பொன்மலர் ஸ்ரெல்லாவின் அக்கா. திங்கட்கிழமை அவளுக்கு ஓ.எல். சோதனை. சோதனை நடக்கும் பள்ளிக்கூடம் பருத்தித்துறையில் இருந்தது. போன கிழமை சைக்கிளால் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடையிலிருந்து பாதம்வரை பிளாஸ்ரர் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. காலை மடக்க முடியாததால் சைக்கிளில் ஏற்றிப் போகவும் வழியில்லை.

"இந்தமுறை விட்டா இனி அடுத்த வருசந்தான்," என்று பொன்மலர் மெதுவாகச் சொன்னாள். பிறகு புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். 

சனிக்கிழமை காலை வெள்ளோட்டம். அப்பாவும் ஸ்ரெல்லாவும் ஏறினார்கள். கூழ்க்கார் புகையைக் கக்கிக்கொண்டு பருத்தித்துறைப் பக்கமாக உற்சாகமாகப் போனது. நெல்லியடியை நெருங்கும்போது இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது.

"காபரேற்றரிலை குப்பை," என்றார் அப்பா. முன்மூடியைத் திறந்து, கழற்றி, ஊதித் துடைத்தார். "பிள்ளை, எண்ணெய் எவ்வளவு நிக்குதெண்டு பார்."

ஸ்ரெல்லா பின்னால் போனாள். தாங்கிக்குள் ஈர்க்கு விட்டு அளப்பது அவளுடைய வேலை. மூடி இலேசில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் திருகினாள்.

'ஸ்ஸ்ஸ்... டொக்!'

பாம்போ என்று ஸ்ரெல்லா பின்னால் பாய்ந்தாள். பாம்பு இல்லை. தாங்கிதான் சத்தம் போட்டது. எண்ணெய் முக்கால்வாசிக்கு மேல் இருந்தது. மூடியை இறுக்கிவிட்டு வந்தாள்.

கார் கிளம்பியது. "பாத்தியே? குப்பைதான்," என்றார் அப்பா.

திரும்பி வரும் வழியில் மறுபடியும் நின்றது. அப்பா மறுபடியும் ஊதித் துடைத்தார். ஸ்ரெல்லா மறுபடியும் மூடியைத் திறந்தாள். மறுபடியும் 'ஸ்ஸ்ஸ்... டொக்!' இந்தமுறை அவள் பயப்படாமல் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒடுங்கிக் கிடந்த தாங்கியின் தகரம், மூடி திறந்ததும் பழையபடி வெளியே புடைத்தது. கார் கிளம்பியது.

வீட்டுக்குக் கிட்ட மூன்றாவது தரம் நின்றபோது அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. கையில் இருந்த பெற்றோலும் குறைந்துகொண்டே வந்தது.

"அப்பா, முன்மூடியைத் திறக்காதேங்கோ!"

"ஏன்?"

"நான் தாங்கியின்ரை மூடியை மட்டும் திறக்கிறன். நீங்கள் ஸ்ராட் பண்ணுங்கோ."

"மூடியைத் திறந்தா எஞ்சின் ஓடுமோ? அப்ப நான் ஏன் பதினைஞ்சு வருசம் கராஜிலை கிடந்து மாரடிச்சனான்?" என்று அப்பா சிரித்தார்.

'ஸ்ஸ்ஸ்... டொக்!'

கார் கிளம்பிவிட்டது. அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ரின்பாலுக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டா பால் வராதெல்லே? அம்மா ரெண்டாவது ஓட்டையும் போடுவா. காத்து உள்ளுக்கை போனாத்தான் பால் வெளியிலை வரும். உந்தத் தாங்கிக்குக் காத்துப் போக வழியில்லை அப்பா!"

அப்பா கிறீஸ் கையாலேயே தலையைச் சொறிந்தார். "எல்லாத் தாங்கிக்கும் காத்து ஓட்டை இருக்குத்தான். எத்தனை தாங்கி துப்பரவாக்கினனான்! ஒரு சொட்டு எண்ணெயும் வீணாப் போகக் கூடாதெண்டு நானே இறுக்கி அடைச்சுப்போட்டன்."

வீட்டுக்கு வந்ததும் மூடியைக் கழற்றி, ஆணியால் ஒரு ஓட்டை போட்டார். பொன்மலரைப் பின் இருக்கையில் ஏற்றி, ஒழுங்கையில் ஒரு சுற்றுப் போனார்கள். கார் நிற்கவேயில்லை. ஆனால் முதல் பள்ளத்தில் விழுந்ததும் மண்ணெண்ணெய் அந்த ஓட்டையால் தெறித்துப் பொன்மலரின் தோளை நனைத்தது.

அம்மா வினிபிரட் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இஞ்சேருங்கோ, பிள்ளை மண்ணெண்ணெயிலை குளிச்சுப்போட்டே சோதனைக்குப் போறது?"

"ஓட்டைக்கு மேலை ஒரு குழாய் வைச்சு, பலகையாலை வெளியிலை விடுவம்," என்றார் அப்பா. "எண்ணெய் அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. மணமும் வெளியிலை போயிடும்."

"குழாயின்ரை வாய் வானத்தைப் பாத்தா மழைத்தண்ணி போகாதோ அப்பா?" என்று ஸ்ரெல்லா கேட்டாள். மார்கழி மாதம். வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது.

அப்பா யோசித்தார். ஸ்ரெல்லாவும் யோசித்தாள். சுவரில் அம்மாவின் குடை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் எடுத்து வந்து, அதைக் கைப்பிடி மேலே இருக்கும்படி பிடித்தாள்.

"இப்பிடி வளைச்சா என்ன? வாய் நிலத்தைப் பாக்கும். காத்துப் போகும், மழை போகாது."

அப்பா குடையை வாங்கி, அந்த வளைவை விரலால் அளந்தார். பழைய குளிர்பெட்டியின் செப்புக் குழாய் ஒன்றைத் தேடி எடுத்தார். வளைக்கும்போது நசியாமல் இருக்க அதற்குள் மணலை நிரப்பினார். வளைத்ததும் மணலைக் கொட்டிவிட்டு, மண்ணெண்ணெய்க்கு எட்டத்தில், முற்றத்து மூலையில் வைத்து, குழாயை மூடியோடு ஈயத்தால் ஒட்டினார். குழாய் பலகைக்கு வெளியே வந்து, குடைப்பிடிபோலத் தலை கவிழ்ந்து நின்றது.

திங்கட்கிழமை விடியும்போதே மழை கொட்டியது. பொன்மலர் காலை இருக்கையில் நீட்டி உட்கார்ந்தாள். ஸ்ரெல்லா முன்னால் ஏறினாள்.

நெல்லியடி நெருங்கியது. சனிக்கிழமை முதல்முதலாக நின்ற இடம் வந்தது. இருமல் ஏதும் கேட்கிறதா என்று மூவரும் எஞ்சினையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். நெல்லியடியும் பின்னால் போனது. பள்ளங்களில் விழுந்து எழும்பி, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, கூழ்க்கார் ஒரு தரமும் நிற்காமல் பருத்தித்துறைக்கு வந்து சேர்ந்தது.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் நனைந்த சைக்கிள்களைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். சோதனைக்குப் பிள்ளையைக் கூட்டிவந்த ஒருவர் குனிந்து காரின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"அண்ணை, உதென்ன வளைஞ்ச குழாய்?"

"தாங்கி மூச்சு விடுறதுக்கு," என்றார் அப்பா. "என்ரை சின்ன மகள் கண்டுபிடிச்சது."

ஸ்ரெல்லாவுக்குக் காது சூடாகியது. அவள் வெட்கத்தோடு அக்காவின் பக்கம் திரும்பினாள். பொன்மலர் கக்கத்தில் வைத்த இரண்டு கட்டைகளையும் ஊன்றிக்கொண்டு, பேனையைப் பல்லில் கவ்வியபடி, மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. உள்ளே ஆசிரியை இலக்கங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஸ்ரெல்லா மழையில் நின்றபடியே காது கொடுத்துக் கேட்டாள். அக்காவின் இலக்கம் வந்தது.

"வந்திருக்கிறன், ரீச்சர்!" என்று பொன்மலர் சொன்னது வாசல்வரை கேட்டது.