காலி வரிகள்

நான்காம் கதவின் பச்சை வரிக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்ணம் போடும் அவசரத்தில் நிரலில் எங்கோ ஒரு வரியைக் கூடுதலாகத் தாண்டவிட்டிருப்பாள். விடுமுறை நாள், மதியம் இரண்டு மணி. தரைக்குக் கீழே ஐந்து தளங்கள் இறங்கிப் போகும் அந்த ஆவணக் கிடங்கில், மேலே கண்காணிப்பு அறையில் அவளும் கீழே ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போகும் அவளுடைய தங்கையும் தவிர வேறு யாரும் இல்லை. காற்றுக்குழாய் தூக்கத்தில் முனகுகிறவனைப் போல விட்டுவிட்டு முனகியது. அதன் வாயிலிருந்து, எத்தனையோ வருடங்களாக யாரும் பிரிக்காத காகிதக் கட்டுகளின் ஈர வாடை வந்துகொண்டிருந்தது.

நேற்று மேலாளர், கதவுகளின் பதிவு வரிவரியாக ஓடும் இதே கறுப்புத் திரையை விரலால் தட்டித்தான் கத்திவிட்டுப் போனார்.

"எல்லாம் ஒரே வெள்ளையா கொட்டுது. எவன் போறான் எவன் வரான்னு ஒண்ணும் விளங்கல. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கலர் போட்டு வை. முடியாதுன்னா சொல்லிடு, முடியறவங்க வெளிய வரிசையில நிக்கிறாங்க."

போட்டுவிட்டாள். வேலை சுலபம்தான். கதவைக் கடக்கும் ஒவ்வொருவருக்கும் கதவே ஒரு வகை எண் கொடுக்கும். அனுமதி இல்லாதவர் ஒன்று, ஊழியர் இரண்டு, விருந்தாளி மூன்று. திரைக்கோ முப்பத்தொன்று என்றால் சிவப்பு, முப்பத்திரண்டு பச்சை, முப்பத்துமூன்று மஞ்சள். வகையோடு முப்பதைக் கூட்டினால் வண்ணம் வந்துவிடும். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக் காலையில் தனியாகச் சிரித்துக்கொண்டாள். அதே உற்சாகத்தில், முன்பு இந்த வேலையில் இருந்தவர் எழுதிய ஒரு வரியையும் அழித்தாள்: வகை பூஜ்யம் வந்தால் காட்டாதே. காரணம் எதுவும் எழுதவில்லை அந்த மனிதர். பூஜ்யம் என்றால் ஆளே இல்லை. ஆளில்லாமல் கதவு எப்படித் திறக்கும்?

சாப்பாடு கொண்டுவந்த தங்கை, காலில் மழையில் நனைந்த சப்பாத்தோடு வந்து அவளுடைய நாற்காலியிலேயே பாதியைப் பிடித்துக்கொண்டாள். "தள்ளி உக்காருக்கா. இடம் பத்தல." சின்ன வயதிலிருந்து அதே பாட்டு. கட்டிலில், பேருந்தில், எங்கேயும்.

"சும்மா உக்காந்து சாப்பிடுறதுக்கு, இந்த ஊழியர் அட்டைய எடுத்துட்டுப் போய் பன்னெண்டு கதவையும் ஒரு தடவை திறந்துட்டு வா, வாலு. வரி சரியா விழுதான்னு நான் இங்க பாக்குறேன்."

"எனக்கு என்ன தருவ?"

"திட்டு தருவேன். போ."

இப்போது, தங்கையோடு இணைப்பிலேயே மேசைமேல் கிடந்த கைபேசியில் அந்தச் சப்பாத்து கீச், கீச் என்று இறங்கிக்கொண்டிருந்தது.

"அஞ்சு," என்றாள் தங்கை. பச்சை விழுந்தது. கதவு தானாக மூடிக்கொள்ளும் ஓசை, டொம். சற்றுப் பொறுத்து, அதற்குக் கீழே ஒரு காலி வரி.

"ஏய், ரெண்டு தடவை திறந்தியா?"

"ஒரு தடவைதான். உன் புரோகிராமுக்குத்தான் சளி பிடிச்சிருக்கு, ரெண்டு தடவை தும்முது."

ஆறு. பச்சை. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நொடி கழித்து, எதையும் எழுதாமல் ஒரு வரி இறங்கியது. ஏழாம் கதவில் ஆறு நொடி. எட்டாம் கதவில் மூன்று. கைபேசியில் டொம். மறுபடியும் டொம். எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். ஐந்தாம் கதவுக்கு எதிரொலி இருந்ததா?

"இங்க லைட்டு ஒரு மாதிரி மங்கலா இருக்குக்கா."

பூஜ்யத்தோடு முப்பதைக் கூட்டினால் முப்பது.

முப்பது கறுப்பு.

கறுப்புத் திரையில் கறுப்பு எழுத்து. அந்த வரிகள் காலி இல்லை. அவள் காலி வரியின்மேல் சுட்டியை இழுத்தாள். இழுத்த இடம் வெளுத்து, எழுத்து தெரிந்தது.

கதவு 8. உள்ளே. வகை 0.

மேலே இழுத்தாள். கதவு 7. கதவு 6. ஐந்து. நான்கு. எல்லாம் தங்கைக்குப் பின்னால்.

"வாலு, திரும்பி..." சொல்ல வந்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பும் வழி ஒன்றுதான். அந்த வழியில்தான் அது நின்றுகொண்டிருந்தது. "முன்னாடி போ. வேகமா. பின்னாடி பாக்காத."

"ஏன்க்கா? என்னாச்சு?"

"சொன்னதச் செய்டீ!"

கீச் கீச் கீச். ஒன்பதாம் கதவு. இந்த முறை காலி வரி முதலில் விழுந்தது. பிறகுதான் பச்சை.

சப்பாத்து நின்றது.

"வாலு?"

காற்றுக்குழாயும் நின்றிருந்தது.

"வாலு, பேசு. திட்ட மாட்டேன். பேசு."

வெகுநேரம் கழித்துச் சிரிப்பு. தங்கையின் சிரிப்பேதான். "எல்லாக் கதவும் முடிஞ்சதுக்கா. மேல வரேன்."

பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒன்றும் திறக்கவில்லை.

நிரலில் ஒரே ஒரு மாற்றம் செய்தாள். பூஜ்யத்துக்கு வெள்ளை. திரை ஒருமுறை அணைந்து எரிந்தது.

கதவு 9. உள்ளே. வகை 0.
கதவு 9. உள்ளே. வகை 2. அட்டை 41.
கதவு 9. வெளியே. வகை 0. அட்டை 41.

நாற்பத்தொன்று தங்கையின் கையில் கொடுத்த அட்டை. ஊழியர் அட்டை. பச்சையாக வரவேண்டியது. வெள்ளையாக வந்தது.

கதவு 8. வெள்ளை. அதன் பின்னால் இன்னொரு வெள்ளை. இன்னொன்று. கதவு 7. கதவு 6. ஒரு வரி முடியும் முன் அடுத்தது. கதவு 4. கைபேசியில் டொம், டொம், டொம். சப்பாத்தின் சத்தம் மட்டும் இல்லை. ஈரச் சப்பாத்து. கீச்சிட வேண்டும். இல்லை.

எழுந்து ஓட நினைத்தாள். ஒரே படிக்கட்டு. கதவு 3. கதவு 2.

ஒன்றாம் கதவு அவள் முதுகுக்குப் பின்னால்.

திறந்த சத்தம் கேட்கவில்லை. மூடிய சத்தம் கேட்டது.

உள்ளே. உள்ளே. உள்ளே. வெள்ளை வரிகள் கொட்டின. ஈரக் காகித வாடை. கழுத்தில் குளிர். தோளில், இரண்டு பக்கமும், யாரோ நெருக்கியடித்து நிற்பது போல.

கைபேசியிலும் காதருகிலும் ஒரே சமயத்தில் அந்தக் குரல் வந்தது.

"தள்ளி உக்காருக்கா. இடம் பத்தல."

நாற்காலியின் பாதி மெல்ல அமுங்கியது. திரையில் வரிகள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தன.