துடிப்பு விட்ட இடத்தில்

ஆறு நாற்பதுக்கு எழுந்தான். முகம் கழுவினான். பால் விடாமல் பிளேன்ரீ போட்டான். மாத்திரையை விழுங்கினான். கதிரையில் உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, மணிக்கூட்டைப் பார்த்தபடி நாடியை எண்ணினான். இரண்டு வருடமாகக் கீர்த்தனனின் இதயம் சீராகத் துடிப்பதில்லை. இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போகும். இன்றும் விட்டது. விட்ட அந்த இடத்தில், கதவுக்கு வெளியே, மரப்படியில் ஒரு காலடி விழுந்தது.

மறுபடி எண்ணினான். மறுபடி விட்டது. மறுபடி ஒரு காலடி.

கதவைத் திறந்தான். யாருமில்லை.

தினமும் ஒருமுறை படி இறங்கி ஏறச் சொல்லியிருந்தார் டாக்டர். பயந்து உட்கார்ந்திருந்தால் இதயம் இன்னும் சோர்ந்துவிடுமாம். வீடு ஆறாம் மாடி. லிஃப்ட் இல்லை. அந்தப் பயத்தில் இரண்டு வருடமாக அவன் ஒரு பையும் தூக்கவில்லை. மனைவி சாம்பவிதான் தூக்கினாள். ஐந்து வாரங்களுக்கு முன், பத்துக் கிலோ அரிசியோடு, நாலாம் மாடித் திருப்பத்தில் விழுந்து இறந்தாள். அவளுடைய இதயத்தை யாரும் சோதித்ததே இல்லை.

எட்டாம் நாள் அவளுக்குப் படைத்த சாப்பாட்டைத் தெருச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். போகிறவர் வீட்டை விட்டுப் போவதற்கான வழி அது. அவன் நாலாம் மாடிவரை இறங்கினான். திரும்ப ஏறவேண்டியதை நினைத்தான். தட்டை அந்தத் திருப்பத்திலேயே வைத்துவிட்டு வந்தான். விமான நிலையத்தில் வேலையில் இருந்த அவளுடைய தம்பி லவன் இரவு போன் எடுத்துக் கேட்டான்.

"அத்தான், சந்தியிலைதானே வைச்சனீங்கள்?"

"ஓம்."

மறுநாள் காலையில் அந்தத் திருப்பத்தில் தட்டு துடைத்ததுபோல் இருந்தது.

இன்று இறங்கும்போது இரண்டாம் மாடி ஜெனவியேவ் குப்பைப் பையோடு நின்றார். புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்றவர்.

"என்ன தம்பி, டாக்டர் நடக்கச் சொன்னாரா, ஊரச் சொன்னாரா?"

"மெல்லத்தான் ஏலும், அன்ரி."

"அது சரி, நேத்து உங்க பின்னாடி ஏறினாங்களே, அவங்க யாரு? பாவம், அப்படி மூச்சு வாங்குது. நின்னு கூட்டிட்டுப் போகக் கூடாதா?"

"ஒருத்தரும் வரேல்லை."

"நல்லா இருக்கே. எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு தெரியும்."

பேக்கரியில் பாண் வாங்கினான். கட்டட வாசலில் கால்மணி நேரம் நின்றான். வேறு வழி இல்லை. வேறு வீடும் இல்லை.

ஈரக் கம்பளத்தின் வாடையும், யாரோ வெங்காயம் வதக்கும் மணமும், பழைய மரத்தின் மெழுகு நெடியும் கலந்து கிடந்த அந்தப் படிக்கட்டில், கைப்பிடியைப் பற்றியபடி, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சாக அவன் ஏறினான். மூன்றாம் மாடியில் நெஞ்சு படபடத்தது. நாலாம் மாடித் திருப்பத்தில் விளக்கு தானாக அணைந்தது. சுவிட்சைத் தேடினான். சுவர் ஈரமாக இருந்தது. அரிசி மணத்தது.

ஒரு துடிப்பு விட்டது.

பின்னால் ஒரு காலடி.

ஓட முடியாது. ஓடினால் இதயம் நின்றுவிடும். நின்றால் அது வந்துவிடும். ஏறினான். விட்டது. காலடி. விட்டது. காலடி. கூடவே யாரோ மூச்சு வாங்கினார்கள். இழுத்து, இழுத்து. திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறாம் மாடி. சாவி. கதவு. பூட்டினான். முதுகைக் கதவில் சாய்த்தான். மணிக்கட்டில் விரல்.

ஒன்று. காலடி. ஒன்று. காலடி, காலடி. இப்போது துடிப்பைவிடக் காலடிகள் அதிகம். கடைசித் திருப்பம். கடைசிப் படி. கதவின் அந்தப் பக்கத்தில், அவன் பிடரியின் உயரத்தில், மூச்சு.

விரலுக்கடியில் ஒன்றுமில்லை. காத்திருந்தான்.

அன்று வெறுங்கையோடு முன்னால் ஏறியவன் நாலாம் மாடியில் திரும்பிப் பார்த்தபோது, அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, அவள் சொன்னாள்:

"நீங்கள் நிக்காதேங்கோ, ஏறுங்கோ. நான் மூச்செடுத்திட்டுப் பின்னாலை வாறன்."