வெள்ளைச் சுவர் மஞ்சளான படம்

"பாதிரியார் சாமி கோயில் சாவியப் பிடுங்கிட்டாக, டீச்சர். பொழுது சாயறதுக்குள்ள வீட்டையும் காலி பண்ணணுமாம்."

தேவாலயக் காவல்காரர் அழகுமலை மழையில் நனைந்தபடி வாசலில் நின்றார். பின்னால் அவர் மனைவி ராக்காயி முந்தானையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள்.

சண்முகவள்ளி கொடைக்கானலில் ரசாயனம் கற்பிப்பவள். அவள் குடையை எடுப்பதற்குள் பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் சுப்புராஜ் வண்டியைக் கிளப்பிவிட்டார். துப்புத் துலக்குவதென்றால் அவருக்குச் சவாரிகூட இரண்டாம்பட்சம்.

வழியில், ராக்காயியோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்த அழகுமலை விவரம் சொன்னார். நூறு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரர் அந்தத் தேவாலயத்தின் உட்புறத்தை நீர்வண்ணத்தில் தீட்டியிருந்தார். அடைமழையில் படத்தின் மேல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. அழகுமலை சஷ்டிக்குப் பழனி போனார். பாதிரியார் மலைக் கிராமங்களுக்குப் போனார். திரும்பி வந்தால் பூஞ்சையைக் காணோம். படத்தில் வெள்ளைச் சுவர்கள் மஞ்சளாகியிருந்தன.

"அசலை மதுரை யாவாரிக்கு வித்துட்டு நகலை மாட்டிட்டேன்னு சாமி சொல்றாக."

பாதிரியார் கோபமாகவே இருந்தார். "நகல் எடுத்தவன் பூஞ்சையை வரைய மறந்துட்டான், டீச்சர்!"

சண்முகவள்ளி படத்தை இறக்கினாள். பீடம், தூண்கள், சன்னல் ஒளி எல்லாம் இளமஞ்சள். கண்ணாடிக்கு உள்ளே மூலையில் மெல்லிய தோல் ஒன்று ஒட்டியிருந்தது.

"வெங்காயத்தோல்!" என்றார் சுப்புராஜ். "திருடன் சமையல்காரன்தான், டீச்சர்!"

"இங்க சமையல்காரனே கெடையாது," என்றார் பாதிரியார்.

சண்முகவள்ளி சட்டத்தைப் பிரித்து, படத்தைச் சுற்றியிருந்த அட்டையைத் தூக்கினாள். அட்டை மறைத்திருந்த ஓரத்தில் சுவர் வெள்ளையாகவே இருந்தது. தாளை முகர்ந்தாள்; அடுப்புப் புகை வாசம். சன்னல் வழியே காவல்காரர் குடிசையைப் பார்த்தாள். கூரையிலிருந்து புகை கசிந்துகொண்டிருந்தது.

"சாமி, பழசாக் காட்ட நினைக்கிறவன் தாள் முழுசையும் டீத்தண்ணியில முக்குவான். இதுல வெளியே தெரியுற இடம் மட்டும்தான் மஞ்சள். அப்ப, சட்டத்துக்குள்ள இருந்த படத்துல புகை பட்டிருக்கு. யாரோ கண்ணாடியை மட்டும் கழற்றியிருக்காங்க. இந்தத் தோல் பூண்டோடது. படம் அசல்தான், எங்கேயும் விலை போகல."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "ராக்காயி, படம் உங்க பூண்டுப் பரண்ல தொங்குச்சா?"

"ஆமா டீச்சர்!" அடக்கிவைத்ததெல்லாம் கொட்டியது. "ஈரம் ஏறுனா பூண்டை அடுப்புக்கு மேல பரண்ல, புகையிலதான காயப்போடுவோம்? படத்துப் பூஞ்சையச் சாமி பாத்துப் பாத்து வெசனப்பட்டாக. அதையும் அங்கயே காயவச்சு, கோழியெறகால தட்டி, வெரசா மாட்டிட்டேன். செவுரு மஞ்சளாகும்னு கண்டேனா?"

"ஏன்டி, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"திருட்டுன்னதும் நாக்கு ஒட்டிக்கிருச்சு."

"படத்துக்குப் பதிலா என்னைய அங்க தொங்கவிட்டிருக்கலாம்!" என்றார் அழகுமலை.

பாதிரியார் படத்தை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"காலைப் பூசையா இருந்தது, சாயங்காலமாயிருச்சு! இதுவும் அழகாத்தான் இருக்கு." சாவியை அழகுமலையின் கையில் வைத்தார். "என்னை மன்னிச்சிருப்பா. கட்டுன சாமானை அவுத்து வை."

பிறகு தயக்கத்தோடு ராக்காயியிடம் கேட்டார்: "என் செபப் புத்தகமும் பூஞ்சை பிடிச்சுக் கெடக்கு. பரண்ல இடம் இருக்குமா?"

"இருக்கு சாமி. ஆனா நீங்க அதைத் தொறந்தா, பூசைக்கு வந்த சனத்துக்கெல்லாம் ரசஞ்சோத்து நெனப்பு வந்துரும்."