இத்தா அறையின் ஜன்னல்

"அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல உம்மா. இத்தா முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான் மூத்தவன் புவாத், திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

விடிந்தும் விடியாததுமாக வந்த போன். பதுளை ஆஸ்பத்திரியில் மகள் காமிலாவுக்குப் பிள்ளை வயிற்றிலேயே மவுத்தாகிப் பிறந்திருந்தது. "உம்மா வேணும்" என்று கதறுகிறாளாம்.

ஸுபைரா இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கணவர் லத்தீப் மவுத்தாகி மூன்று மாதம். பசறையில் அந்தக் குடும்பத்து விதவைகள் எல்லாரும் இருந்த மாதிரியே, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, அறையை விட்டு வெளியேறாமல், கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் காக்கவேண்டிய இத்தா இருக்கிறாள். துணி அடித்த அன்றைக்குத்தான் மகள் அண்ணனிடம் வாயைத் திறந்தாள்.

"உம்மாவ ஏன் இருட்டுல அடைக்கிறீங்க நானா? மார்க்கத்துல இப்படி இல்ல. தேவைன்னா பகல்ல வெளிய போகலாம், ராவைக்கு வீட்டுக்கு வந்துடணும். அவ்வளவுதான்."

பெண்கள் வகுப்பில் குர்ஆன் விளக்கம் படித்தவள் அவள். "ஒன்ட புதுக் கொள்கைய வாப்பாட மவுத்து வீட்டுலயா காட்டுற?" என்று புவாத் வாசலைக் காட்டினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள் காமிலா. பெற்றவள் என்ன செய்தாள்? ஊர் என்ன சொல்லுமோ என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெற்ற வயிறு இன்றைக்குப் பற்றி எரிகிறது...

எழுந்தாள். ஜன்னல் துணியைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு கையில் வந்தது.

"உம்மா, சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும் மகன். சனத்துக்குப் பயந்துதான் அன்னைக்கு என் புள்ளைய அழவிட்டேன். அல்லாஹ்வுக்குப் பயந்திருந்தா விட்டிருப்பேனா?"

வெள்ளை உடுப்போடு பதுளை பஸ்ஸில் ஏறினாள். புவாத்தும் பின்னால் ஏறினான்.

வார்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காமிலா திரும்பினாள்.

"உம்மா... இத்தாவுல எப்படி வந்தீங்க?"

"நீ சொல்லித்தந்ததுதானே மகள். அன்னைக்கு ஒன் பக்கம் நிக்காத இந்த உம்மாவ மன்னிச்சிரு..."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். புவாத் தங்கையின் கால்மாட்டில் நின்று தேம்பினான்.

பின்னேரம் ஸுபைரா எழுந்தபோது காமிலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு ராவைக்கு மட்டும் இருங்க உம்மா..."

ஸுபைரா அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"ராவைக்கு வீட்டுக்குப் போகணும் மகள். அதையும் நீதானே சொன்ன. விடிஞ்சதும் வாறேன்."

காமிலாதான் முதலில் கையை விட்டாள்.