நானூற்றுப் பத்து கிலோமீட்டர்

விமான இருக்கைத் திரையில் எண் மாறவில்லை. தேநீர் வருவதற்கு முன்பும் அக்தாவுக்கு இன்னும் நானூற்றுப் பத்து கிலோமீட்டர் என்றிருந்தது. குடித்து முடித்த பிறகும் அதே நானூற்றுப் பத்து.

மெருயெர்த் பூகோள ஆசிரியை. அல்மாத்தியிலிருந்து அப்பாவின் ஊரான அக்தாவுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்பதும், மேற்கே போகையில் காற்று எதிரே அடிப்பதால் திரும்பி வருவதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதும் அவள் கரும்பலகையில் வரைந்து காட்டுகிற விஷயங்கள். இன்று அவளுக்கு ஒரே கணக்குதான்: அப்பாவை உயிரோடு பார்த்துவிடுவோமா?

காலையில் தம்பி ஏர்போல், "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியலக்கா, கிளம்பி வா" என்றான். அவர்கள் ஊர்ப்பக்கம் பயணத்தில் இருப்பவரிடம் சாவைச் சொல்வதில்லை. வீடு சேர்ந்ததும் ஒரு வாய் சாப்பிட வைத்து, பெரியவர்கள் கூட்டமாக வந்து நின்று, சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். 'கொஞ்சம் முடியல' என்பதற்கு எந்த அர்த்தமும் இருக்கலாம்.

"ஏம்மா, நீ முறைச்சா பிளேன் பயந்துபோய் வேகமா ஓடுமா?" பக்கத்து இருக்கை ஸாகிரா அக்கா சிரித்தாள். விமானம் ஏறியதிலிருந்தே இப்படித்தான் கேலி.

"எதிர்க்காற்று பலமா இருக்கும்க்கா. அதான் குறைய மாட்டேங்குது."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. எதிர்க்காற்று விமானத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

ஜன்னலுக்கு வெளியே மாலைச் சூரியன் இறக்கையின் நுனியில் பழுத்துக் கிடந்தது. மேற்கே பறப்பவருக்கு மாலை நீளும். ஆனால் பூமி விமானத்தைவிட வேகமாகச் சுழல்கிறது. எவ்வளவு துரத்தினாலும் சூரியன் ஒருநாள்கூடப் பிடிபட்டதில்லை, மறைந்தே தீரும். இந்தச் சூரியன் மறையவில்லை. இறக்கையின் அதே ஆணிமேல், அதே சிவப்பில், நின்றிருந்தது. கீழே பனிவெளியில் விமானத்தின் நிழலைத் தேடினாள்.

நிழல் இல்லை.

பணிப்பெண்ணை அழைத்தாள். "இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"இதோ வந்துட்டோம்க்கா. முதல்ல சாப்பிடுங்க."

அந்தக் குரல். காலையில் ஏர்போல் பேசிய அதே பதமான குரல்.

கோப்பையின் அடியில் மிஞ்சிய தேநீரில் ஒரு சிறு நடுக்கமும் இல்லை. காதை அடைத்திருந்த எஞ்சின் இரைச்சல் எப்போது நின்றது? கருகிய கம்பளி வாடை மெல்லப் பரவியது. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் குலுங்கி அழுதார். அவரைச் சுற்றி நாலு பேர். அடுத்த வரிசையிலும் அழுகை. அதற்கடுத்த வரிசையிலும்.

ஸாகிரா அக்கா இப்போது சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பவுர்சாக் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

"சாப்பிடும்மா."

"அக்கா... அப்பா போயிட்டாரா?"

"இல்லம்மா. அப்பா நல்லா இருக்கார். இந்நேரம் அவரைச் சுத்தி உக்காந்து உன்னைப் பத்தித்தான் சொல்லிட்டிருப்பாங்க."

மெருயெர்த் எழப் பார்த்தாள்.

நடைபாதையில் பெரியவர்கள் வந்தார்கள். தொப்பியைக் கையில் பிடித்தபடி முன்னால் வந்தவர் விமானி. பக்கத்தில் துணை விமானி. அவர்களுக்குப் பின்னால் விமானி அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. இரண்டு காலி இருக்கைகள். அவற்றுக்கு நடுவே, கண்ணாடி நிறைய, அசையாத சூரியன்.